நாலு விரல் உயரம்

முதலில் கேட்பது அந்தக் கர்ர்ர்ர் சத்தம்தான். இரும்பில் இரும்பு உரசும் சத்தம். பிறகு பெட்ரோல் வாசனை...

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் மின்விளக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. காண்ட்ராக்டர் அந்தோணிசாமி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கினார். பெங்களூர்ப் பத்திரிகைக்கு நான் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. தம் பெயர் அச்சில் வரும் என்ற நம்பிக்கையில் என்னையும் அடிக்கடி ஏற்றிக்கொள்வார்.

காரின் வயிறு தாழ்வு. மாதா கோவிலுக்குப் போகும் வழியில், தாதுக்கல் தள்ளுவண்டிகளுக்கான தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும். அங்கே வந்ததும் நாங்கள் எல்லோரும் இருக்கையை விட்டுச் சற்றே எழும்பிக்கொள்வோம். நாங்கள் எழும்பினால் காரும் எழும்பும் என்று ஒரு நினைப்பு.

எழும்பாது. வயிறு தண்டவாளத்தில் கர்ர்ர்ர் என்று உரசிச் சிக்கிக்கொள்ளும். இறங்கித் தள்ளுவோம்.

ஷிப்ட் முடிந்து, ஷாப்ட் குழியிலிருந்து கேஜ் கூண்டில் ஏறி வருகிறவர்களுக்கு அது வேடிக்கை.

"இன்னாண்ணே, வண்டி ஷாப்ட்டுல எறங்கப் போவுதா? கேஜ் இட்டாரட்டுமா?"

டிரைவர் ஆசீர்வாதம் சிரிக்கமாட்டார். ஜட்காவையும் குதிரையையும் விற்றுவிட்டுத்தான் அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றிருந்தார். காண்ட்ராக்டரின் மகள் அமலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எச்சரிக்கை வந்தது.

"பொண்ணு கார்லதான் கோவிலுக்குப் போவணும். அன்னிக்கு ஒரு வாட்டி தட்டுச்சுன்னா, மறுநாளே வண்டிய வித்துடுவேன் ஆசீர்வாதம். நீ வேற வேலை பாத்துக்கோ."

ஆசீர்வாதத்தின் பக்கத்து வீட்டுக்காரர் முனுசாமி. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வந்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல கட்டை குடுத்தா ஏறிக்கும்பா."

"தாங்குமா மாமா?"

"மலையையே தாங்குது. உன் டப்பாவத் தாங்காதா?"

ஜாக்கியால் தூக்கி, சுரங்க மரத்தில் அறுத்த நான்கு கட்டைகளை வைத்தார்கள். கொல்லர் நீளமான போல்ட் அடித்துக் கொடுத்தார். கார் நாலு விரல் உயர்ந்து நின்றது. அன்று மாலையே ஓட்டிப் பார்த்தோம். தண்டவாளத்தில் சத்தமே இல்லை.

கல்யாணத்தன்று காலை, பட்டுப்புடவையோடு அமலாவால் படியில் கால் வைக்க முடியவில்லை.

"இது காரா, தேரா?" என்றாள் அவள் அத்தை.

காலி வெடிமருந்துப் பெட்டி ஒன்றைப் போட்டு ஏற்றினோம். தண்டவாளத்தின் இருபுறமும் கூட்டம். கார் சிக்கும் என்று காத்திருந்தவர்கள். எப்போதும்போல் நாங்கள் எழும்பிக்கொண்டோம். கார் சத்தமின்றித் தாண்டியது. கூட்டம் ஏமாந்துபோனது.

கோவில் வாசலில் ஆசீர்வாதம் சட்டென்று பிரேக் போட்டார்.

எதிரே தென்னங்குருத்துத் தோரண வளைவு. காரின் கூரையை ஒட்டினாற்போல் அழகாக இருக்கட்டும் என்று, காண்ட்ராக்டரே கோல் வைத்து அளந்து கட்டச் சொன்னது. அளந்தது கட்டை வைப்பதற்கு முன்பு. இப்போது கூரை, வளைவைவிட உயரமாக நின்றது.

காண்ட்ராக்டர் கூரையையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அமலாதான் பேசினாள். "கூரை துணிதானே அண்ணே? மடிச்சுடுங்க."

"வெயில் படும்மா. எல்லாரும் பாப்பாங்க" என்றார் காண்ட்ராக்டர்.

"பாக்கத்தானேப்பா கார்ல கூட்டிணு வந்தீங்க?"

கூரையை மடித்தார்கள். முக்காடும் முல்லைப்பூவுமாக, தலை குனியாமல், சிரித்துக்கொண்டே அவள் வளைவுக்குள் நுழைந்தாள். ஒரு குருத்து மட்டும் அவள் தலையைத் தொட்டது.

இறங்கியதும் காண்ட்ராக்டர் கேட்டார்: "எங்கயும் தட்டலையே?"

"தட்டலைங்க."

"அப்ப சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளைய நீயே இட்டுணு போ."

இப்போது அங்கே தண்டவாளம் இல்லை. தார் போட்டு மூடிவிட்டார்கள். நேற்றுப் பஸ்ஸில் அந்த இடம் வந்தபோது, என்னை அறியாமல் இருக்கையை விட்டுச் சற்றே எழும்பினேன்.

"இன்னா பெரியவரே, எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்... பஸ் முழுக்க என்னைத் தவிர யாரும் எழும்பவில்லை.