விளக்கை அணைக்கச் சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் விட்டார்கள். அந்தப் படிப்பே அவர் கொடுத்தது.

அண்ணன் இராயபுரத்தில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய எங்கள் தந்தையார் காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. அவர் பள்ளியை விட்டு லாரி ஷெட்டில் சேர்ந்தார். நான் பள்ளியிலேயே இருந்தேன். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் வாயுவில் ஓடிய வண்டிகளைக்கூட அவர் பழுது பார்த்திருக்கிறார். பிறகு திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் மேஸ்திரியானார். திருமணமான மறு ஆண்டே அண்ணியாரையும் பிறந்த குழந்தையையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தார். மறுமணம் வேண்டாம் என்று எங்களோடே தங்கிவிட்டார்.

நான் எழுதியே ஆக வேண்டியது ஒரு மார்கழி விடியற்காலையைப் பற்றி.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தொண்டை அடைப்பான் கண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தெருவில் இருந்த ஒரே கார், வாடகைக்கு ஓட்டும் தேசிங்கு என்பவருடையது. மீனவக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போவதை விட்டு அந்தப் பழைய காரை வாங்கியவர். மகளை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி பின்னால் உட்கார்ந்தாள். வண்டி குலுங்கியது; நான்கடி போய் நின்றுவிட்டது.

"குளிர்ல எப்பவும் இப்டித்தான் மேஸ்திரி. சூடாயிட்டா சரியாப் பூடும்," என்றார் தேசிங்கு.

"அதுக்குள்ள ரயில்வே கேட்டாண்ட நின்னுகினா, அங்க யாரு கீறாங்க?" என்று அண்ணன் முன்மூடியைத் திறந்தார்.

இன்ஜினை மறுபடி ஓடவிட்டு, சிறிது பொறுத்து, புகை வெளியேறும் குழாய்களில் விரலால் தண்ணீர் தெளித்தார். இரண்டு இடங்களில் சுர்ரென்று ஆவியானது. மற்ற இரண்டில் நீர் அப்படியே நின்றது. "நாலு சிலிண்டர்ல ரெண்டு வேலயே செய்யல," என்றார். பிறகு என் கையிலிருந்த அரிக்கேன் விளக்கைப் பார்த்து, "அத்த அணைடா," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"கொழந்த அங்க மூச்சுக்குத் தவிக்குது. நீ தண்ணி தெளிச்சினு கீறே, வெளக்க அணைக்கச் சொல்றே. பெத்து வளத்திருந்தா தெரியும் உனக்கு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரே கை நீட்டி விளக்கை அணைத்தார்.

இருட்டில் தெரிந்தது. இரண்டு ஒயர்களின் மேல் நீலப் பொறி ஊர்ந்து, பக்கத்து இரும்பின் மேல் தாவிக்கொண்டிருந்தது. உள்ளே போய் நெருப்பு மூட்ட வேண்டிய மின்சாரம் வெளியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஒயரைத் தடவி முகர்ந்தார்.

"இன்னாடா தடவி வச்சிகீறே?"

"சுறா எண்ணெ மேஸ்திரி. உப்புக் காத்து புடிக்கக் கூடாதுன்னு. படகுக்குத் தடவ மாட்டோமா?"

"படகு மரம்டா. இது ரப்பரு, எண்ணெ பட்டா ஊறிக் கூழாப் பூடும். அதுமேல பனி வேற. காரை ஓட்டச் சொன்னா கருவாடு போட்டு வச்சிகீறான்."

தம்முடைய சைக்கிள் டியூபை உருவி அறுத்தார். ஒயர்களைத் துடைத்து, கூழான இடங்களில் அந்த ரப்பரைச் சுற்றி, இரும்பில் படாமல் தூக்கிக் கட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதன்பின் வண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. மருத்துவர்கள் என் மகளின் கழுத்தில் துளையிட்டு மூச்சை மீட்டார்கள். இன்றும் அவள் இருமினால் என் கை அந்தத் தழும்புக்குப் போகிறது.

நான் சொன்ன சொல்லை அண்ணன் ஒருபோதும் குத்திக்காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் இழந்த குழந்தையைப் பற்றிப் பேச நேருமே என்று அஞ்சி, வருடங்களைக் கடத்திவிட்டேன். நெஞ்சு நோயில் அவர் படுத்த பிறகு, ஒரு நாள் பகலில், "அண்ணே, அன்னிக்கு நான் காராண்ட..." என்று தொடங்கினேன்.

"இன்னிக்குக் கஞ்சில உப்பு கம்மி. போய் அத்தச் சொல்லு," என்றார்.

உப்பு எடுத்து வந்தவள் என் மகள். அவள் கையால் குடித்தார். அடுத்த வாரம் போய்விட்டார். என் வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது. அதை முடிக்கத்தான் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இதை எழுதினேன்.

அண்ணனை வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற தேசிங்கு, முறை வைத்துக் கண்விழித்த பட்டறைத் தோழர்கள், வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் உணவு அனுப்பிய அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை அச்சிடுபவர், கடைசிப் பக்கத்தில் அண்ணனின் குடும்பப் பட்டியலில் 'பிள்ளைகள்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் என் மகளின் பெயர் இருக்கிறது. அச்சுப் பிழை என்று யாரும் எண்ண வேண்டாம்.