புளி போட்டு விளக்கிய காசுகள்

கை மரத்துப்போய் நரம்பு மருத்துவரின் அறை வாசலில் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன், துணைக்கு ஆளில்லாமல்.

பழைய செப்புக் காசுகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. காசின் முகத்தில் விரல் படக்கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டைக் காலணாவை அப்படிப் பிடித்தேன். கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

மறுநாள் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். கனமா, மெலிசா? ஒன்றும் புலப்படவில்லை. தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதுதான் என் வேலை. பயந்துபோனேன்.

சில நாட்களில் கால்களும் துவண்டன. கில்லன் பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார் மருத்துவர். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது.

"விரல்ல உணர்ச்சி வந்துருங்களா, டாக்டர்?"

"பெரும்பாலும் வந்துருங்க. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப்போகிறாரா?

கணியூரிலிருந்து அக்கா வந்து என்னையும், நான் தனியாக இருக்கும் வீட்டையும் பார்த்துக்கொண்டாள். நான் வீடு திரும்பிய அன்று மேசைமேல் ஒரு தட்டு நிறையக் காசுகள், தகதகவென்று.

"பாசி புடிச்சாப்பல கெடந்துச்சு அம்மிணி. புளியும் உப்பும் போட்டு வெளக்கி வெச்சுட்டேன். எப்படி மின்னுது பாரு!"

காசு சேர்ப்பவர்கள் கனவிலும் செய்யாத வேலை இது. காலம் ஏற்றிய கறுப்புதான் செப்புக் காசுக்கு உயிர். தேய்த்த காசைச் சீண்டக்கூட மாட்டார்கள். கட்டிலுக்கடியில் உருண்ட ஓட்டைக் காலணாவும் அந்தத் தட்டில் மின்னியது.

"நல்லாருக்குதுக்கா," என்றேன். மருத்துவமனையில் எனக்குத் தலை வாரிவிட்ட கை அது. வேறென்ன சொல்ல?

நான் நடக்கத் தொடங்கியதும் அவள் ஊருக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆனது.

என் இன்னொரு பொழுதுபோக்கு, கணினியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவது. பத்துக் காசுக்குப் பிரயோஜனமில்லாதவை. ஊறுகாய் ஜாடி என்றைக்குக் காலியாகும் என்று சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். இயன்முறை மருத்துவர் தொடு உணர்வுப் பயிற்சி (கண்ணை மூடிப் பொருளைத் தடவிக் கண்டுபிடிப்பது) செய்யச் சொன்னபோது காசுகள் நினைவுக்கு வந்தன. கெட்டுப்போன காசுதானே, இனி தொட்டால் என்ன? பனியன் துணிப் பையில் கொட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டி ஒரு நிரல் எழுதினேன். அது ஒரு காசின் பெயர் சொல்லும்; நான் பார்க்காமல் பைக்குள் துழாவி எடுத்து, வந்தது எது என்று தட்ட வேண்டும். தப்பென்றால், "மறுக்கா பாருங்க" என்று திரையில் வரும். அந்த 'ங்க'வும் நான் போட்டதுதான். மரியாதையாகப் பேச ஒரு ஆள் வேண்டாமா?

வாரக்கணக்கில் "மறுக்கா பாருங்க"தான். சில நாள் பையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். ஒரு மாலை நிரல் ஓட்டைக் காலணாவைக் கேட்டது. துழாவினேன். விரல் நுனியில் எதுவோ வட்டமாக நெருடியது. நடுவிலிருக்கும் ஓட்டையின் விளிம்பு! எடுத்துப் பார்த்தேன், அதேதான். "சரிங்க," என்றது திரை. "அட!" என்று கத்திவிட்டேன். கேட்க ஒருவருமில்லை. உட்கார்ந்து அழுதேன்.

இப்போது வேலைக்குப் போகிறேன். துணியைத் தொட்டதும் பதில் வராது. விரல் சொல்லும்வரை காத்திருக்கிறேன். முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

போன வாரம் அக்கா போனில் கேட்டாள். "அந்தக் காசெல்லாம் இன்னும் மின்னுதா?"

பையை மேசையில் கொட்டினேன். என் விரல் வியர்வை பட்டுப் பட்டு எல்லாம் பழுப்பேறியிருந்தன. பழைய கறுப்பு யார் யாரோ கையில் புரண்டு வந்தது. இது நான் ஒருத்தியே ஏற்றியது.

"இல்லக்கா, கறுத்துப்போச்சு."

"அட, அதுக்கென்ன! வந்து மறுக்கா வெளக்கித் தாறேன். வரட்டா?"

ஓட்டைக் காலணாவை மட்டும் எடுத்துத் தனியே வைத்தேன்.

"வாக்கா," என்றேன். "புளி ஊட்லயே இருக்குது."