காபி கிளப்பில் கரப்பான் கை

1941 சித்திரையில் உடையப்பனுக்குப் பதினேழு வயது. திருமயத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஆத்மநாதன் நடத்திய காபி கிளப்பில் அவன்தான் பரிமாறுபவன். பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் வண்டி ஜனம் மொத்தத்துக்கும் இலை போட்டு, தோசை வைத்து, காபியும் கொடுத்துவிடுவான். அந்தக் கூச்சலும் ஓட்டமும் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கரப்பான் என்ற தோல் நோய் உண்டு. முழங்கை மடிப்பில் சிவக்கும், அரிக்கும், தானாக அடங்கும். அந்த வெயிலில் விரல்களுக்கும் இறங்கியது. ஒரு பயணி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"என்னய்யா இது, குஷ்டமா? இவன் கையால எவன் குடிப்பான்?"

ஆத்மநாதன் அவனை விரட்டவில்லை. பின்கட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பினார். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பானைக் கிளப்பும் பண்டம் என்று சொல்லி அவன் சாப்பாட்டிலிருந்து எடுத்தார். உடையப்பனும் வாயைக் கட்டினான். கை இன்னும் மோசமானது. வெடித்து நீர் கசிந்தது. இனி பரிமாறவே விடமாட்டார்களோ என்று பயந்தான்.

ஐப்பசியில் இருவரும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஊசி முனையால் விரலைத் தொட்டார். "ஆத்தாடி!" என்று உடையப்பன் கையை இழுத்துக்கொண்டான்.

"உணர்ச்சி நல்லா இருக்கு. குஷ்டம் இல்லை, கரப்பான்தான்."

"ஒட்டுமாங்க?" என்றார் ஆத்மநாதன்.

"பையன் எங்க படுக்கிறான்?"

"எங்கூடத்தாங்க, கிளப்புலயே."

"ஒங்களுக்கு வந்துச்சா?"

ஆத்மநாதன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, கையால என்ன வேலை செய்யிறே?" என்று டாக்டர் கேட்டார்.

"புளியும் சாம்பலும் போட்டு அண்டா தேய்க்கிறேங்க. நாள்பூரா தண்ணியிலதான். கத்தரிக்காயைக்கூட விட்டுட்டேங்க, கேக்கலே."

"அதுதான் கையைத் தின்னுது. கத்தரிக்காய் என்ன பண்ணுச்சு பாவம்!"

தார் களிம்பு கொடுத்தார். சவுக்காரம் கூடாது, கை நனைந்தால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும் என்றார். "முழுசாப் போயிராது. வரும், போகும். வந்தா அடக்கிக்கலாம். வெடிப்பு ஆறினதும் பரிமாறு."

"அப்ப அண்டாவை யாருங்க தேய்ப்பா?" என்றார் ஆத்மநாதன்.

"ஒங்க கைக்கு என்ன கேடு?"

உடையப்பன் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெடிப்பு ஆறும்வரை அவன் வாசலில் நின்று பஸ் ஜனங்களைக் கூவி அழைத்தான். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டா தேய்த்தார். கார்த்திகை பிறந்ததும் உடையப்பன் மறுபடி தோசைத் தட்டோடு முன்னால் வந்தான். அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மாசியில் விரல்கள் திரும்பச் சிவந்தன. களிம்பு தடவிக்கொண்டு ஒரு வாரம் வாசலில் நின்று கூவினான். அடுத்த வாரம் பரிமாறினான்.