தங்கூசியும் உள்ளங்காலும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்த பிறகு என் மனைவியின் உள்ளங்கால் மரத்து, வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. செருப்புப் போட முடியவில்லை. சிமெந்துத் தரையில் கால் வைத்தால் "முருகா" என்பாள். கிளினிக்கில் கொடுத்த விட்டமின் குளிசையைத் திருநீறு பூசிக்கொண்டு தவறாமல் விழுங்கினாள். ஒரு மாற்றமும் இல்லை. இனி ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவாளா என்பதே எங்கள் கவலை.

அவளுடைய அண்ணன் மகள் கொழும்பில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு சுத்தம் செய்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது அத்தையின் காலைப் பார்த்து, "இதே வலிக்குத்தான் அங்க எலிக்கு மருந்து குடுத்துப் பாக்குறாங்க" என்றாள்.

"எலிக்கு எப்படி இந்த வலி வரும்?"

"அத்தைக்கு ஏத்துன மருந்தையே அதுக்கும் ஏத்துவாங்க மாமா."

"அடிப்பாவி, பிள்ளையார் வாகனத்துக்கா?"

"நான் கூண்டு கழுவுறவ, என்னைய ஏன் ஏசுறீங்க?"

பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாயில்லாத ஜீவன் வலிக்குது என்று எப்படிச் சொல்லும்?

எலியைக் கம்பி வலைமேல் விட்டு, கீழேயிருந்து தூண்டில் தங்கூசி போல மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொடுவார்களாம். காலை இழுத்துக்கொண்டால் வலி. வலிமருந்து கொடுத்த பின் தடித்த இழைக்கும் இழுக்காமல் நின்றால், மருந்து கேட்கிறது.

"கூச்சத்துல இழுத்தா?"

"அதுக்குத்தான் நோவு இல்லாத எலியையும் தொட்டுப் பாப்பாங்க. அது அந்த மெல்லிசு இழைக்கு அசையாது."

"என்னையும் எலியாக்கு பாப்பம்" என்று மனைவி காலை நீட்டினாள். மகனின் தூண்டிலிலிருந்து தங்கூசித் துண்டு எடுத்து அண்ணன் மகள் லேசாகத் தொட்டாள். மனைவி அலறிக் காலை இழுத்தாள். என் காலில் தொட்டபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"மரத்துப்போன காலுன்னீங்களே அத்தை?"

"மரத்துத்தான் கெடக்கு. தொட்டா நெருப்பாக் காந்துது."

"டொக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஹிரின்னு சொன்னேன்."

டொக்டர் சிங்களவர். சிங்களத்தில் ஹிரி என்றால் மரத்துப்போவது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் காலுக்கு எது வந்தாலும் ஹிரிதான். மரப்பும் அதுவே, காந்தலும் அதுவே. டொக்டர் "ஹிரித?" என்று கேட்கும்போதெல்லாம் இவளும் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டியிருக்கிறாள்.

அடுத்த கிளினிக்கில் நெருப்புப் போல என்று கையால் காட்டினாள். "ஏக்க தெவில்லனே, அம்மே!" என்றார் டொக்டர். அது எரிச்சலல்லவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு வலிக்கு வேறு குளிசை எழுதினார். முழுதும் போகாது, குறையலாம் என்றும் சொன்னார்.

ஆண்டவன் புண்ணியத்தில் காந்தல் மெல்லக் குறைந்தது. மரப்பு போகவில்லை. ஒரு காலை, செருப்போடு தண்ணீர் பிடிக்கும் பீலியடிவரை நடந்து போய் வந்தவளிடம், "எப்படி இருக்கு?" என்றேன்.

"நடக்கலாம்" என்றாள். "மலை ஏறுறத அப்புறம் பாப்பம்."