எனக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி

வாங்கப்பு, சொகமா இருக்கீகளா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா? சிரிக்காதீக, அம்பது தாண்டுன ஆம்பளையக் கண்டா மொதல்ல அதத்தான் கேக்கணும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மச்சான் மக டைப் அடிக்குது.

தொண்ணூத்தேழு, ஆடி மாசம். வரப்போரம் நின்னேன்னா ஒரு பீடி தீந்துரும், நாலு சொட்டுத்தான் விழுந்திருக்கும். தேவகோட்டை டாக்டரு, "புராஸ்டேட்டு வீங்கிருச்சு, ஆபரேசன் பண்ணணும்"னாரு. எனக்குக் கத்தின்னா கொல நடுக்கம். அந்த நேரம் பாத்து மச்சான் சவரிமுத்து ஒரு நோட்டீசப் படிச்சாரு: காரைக்குடி லாட்ஜுல லேசர் வைத்தியம், கத்தியில்லை, பத்தே நாள். என் காதுல அது 'லேசா வைத்தியம்'னுதான் விழுந்துச்சு.

காலையில ஆறேகால் பஸ்ஸு, நானும் மச்சானும். இருபது கிலோமீட்டருக்குள்ள, முக்கா மணி நேரம், ஆளுக்கு மூணர ரூவா. நடுவுல ரெண்டு தடவ நிப்பாட்டச் சொன்னேன். "பெருசு, காரைக்குடிக்கு டிக்கெட் எடுத்தீகளா, கருவக்காட்டுக்கு எடுத்தீகளா?"ன்னாரு கண்டக்டரு.

லாட்ஜு மாடியில ஒரு டாக்டரு. மேசையில செவப்பு வெளக்கு ஒண்ணு. "இந்த வெளிச்சம் பட்டா கண்ணு போயிரும்"னு எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி குடுத்தாரு. அதப் பாத்ததும் திக்குன்னுச்சு. திருப்பத்தூருல கண்ணு ஆபரேசன் முகாம் போட்டாகள்ல, அங்க எங்க பெரியப்பாவுக்குக் குடுத்த அதே கண்ணாடி. பெரியப்பா அதப் போட்டுக்கிட்டுக் கெடாச் சந்தைக்குப் போயி... அத விடுங்க.

அடிவயித்துல வெளக்க வச்சாரு. வெதுவெதுன்னு இருந்துச்சு. கண்ணாடிக்கு மேல எட்டிப் பாத்தேன். அவரு கண்ணுல ஒண்ணுமில்ல.

"அய்யா, ஒங்களுக்குக் கண்ணாடி?"

"எனக்குப் பழகிருச்சு."

சவரிமுத்து எந்திரிச்சுட்டாரு. "வாங்க மச்சான். அவரு கண்ணுக்குப் பழகுன வெளிச்சம் ஒங்க வீக்கத்துக்கும் பழகிரும்."

படி எறங்கையிலேயே அடைச்சுக்கிருச்சு. ஒரு சொட்டு வரல, வயிறு பானையாட்டம் ஆயிருச்சு. வாடகக் காரு பிடிச்சு மதுரைக்கு ஓடுனோம். தொண்ணூறு கிலோமீட்டரு, ரெண்டு மணி நேரம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் உசுரு போயி வந்துச்சு. பெரிய ஆசுபத்திரியில ட்யூப் போட்டு நீர எடுத்தாக. அப்பறம் அங்கிட்டு இருந்த டாக்டரு, "லேசர்ல சரி பண்ணலாம்"னாரு. நான் சவரிமுத்தப் பாத்தேன். அவரு வாசப்படியப் பாத்தாரு.

"மயக்கம் குடுக்கணும், பத்து நாளைக்கு ட்யூப் இருக்கும், எரிச்சல் இருக்கும்"னு டாக்டரு சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கொறஞ்சுச்சு. லாட்ஜுக்காரரு ஒரு கஷ்டமும் சொல்லலையே. ஆனாலும் தியேட்டருக்குள்ள கட்டில்ல தள்ளிக்கிட்டுப் போகையில, வேணாம்னு சொல்லி எந்திரிச்சுறலாமான்னுதான் இருந்துச்சு. அப்ப டாக்டரு கண்ணாடிய மாட்டுனாரு. நர்சம்மா மாட்டுச்சு. கதவோரம் நின்ன ஆளும் மாட்டுனாரு. கடைசியா எனக்கு மாட்டிவிட்டாக. பேசாமப் படுத்துட்டேன்.

இப்பப் பீடியப் பத்த வைக்குறதுக்குள்ள முடிஞ்சுருது. நீங்க போறதுன்னா வெறும் வயித்தோட போங்க, காப்பி குடிச்சுட்டு பஸ் ஏறாதீக. உள்ள போனதும் மெசினப் பாக்காதீக, நோட்டீசப் பாக்காதீக, கண்ணாடிய யாரு யாரு...

"ஏங்க, மாடு அவுத்துக்கிட்டு அங்குட்டு வெள்ளாமைக்குள்ள நிக்குது, வாங்க."