காலிக் கதிரையை விட்டுவைக்காத மனிதர்

பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் கட்டு ஒன்றைக் கையில் வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசியில் அந்தச் செய்தி வந்தது. "மாஸ்டர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபஹு தொழுதுட்டு வந்து சாஞ்சாங்க, அவ்வளவுதான். ளுஹரோட அடக்கம்" என்றான் ஃபாரிஸ், மன்சூர் நானாவின் மூத்த மகன். பகல் தொழுகைக்குள் போய்ச் சேர வேண்டும். லீக்ஸை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியாது. பதுளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "யாருங்க தவறிட்டது?" என்றாள். "கதிரைக்காரர்" என்றேன்.

பதுளையிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் கலியாணமோ பரிசளிப்பு விழாவோ நடத்திய உங்களுக்கு, எல்லோருக்கும் அண்ணன் முறையான அந்த நானாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் சிவப்புப் பெயின்டில் 'ம' எழுதிய பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு கூடாரங்கள், மேட்டில் ஏற மறுக்கும் ஒரு லொறி. அவற்றை வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதே விழாக்களில் மைக் பிடிப்பது என் பைத்தியம். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரமெல்லாம் நான் மேடையில்தான். இருபது வருடம் ஒரே மண்டபங்களில் திரிந்தோம், அதில் பாதி சண்டையில் போனது. வந்த விருந்தினரை எழுந்து போகவிடாமல் வைத்திருப்பது என் குரல் என்று நான் நம்பினேன். கதிரைதான் என்று அவர் நம்பினார்.

முதல் சண்டை ஹாலிஎலயில், ஒரு பாடசாலைப் பரிசளிப்பில். இருநூறு கதிரை கேட்டிருந்தேன். எண்பதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"மிச்சம் எங்க நானா?"

"லொறியில. ஆக்கள் வர வர எறக்குவம்."

"இருநூறுக்குச் சொல்லியிருக்கேன். என்னை அவமானப்படுத்தப் பார்க்கிறீங்களா?"

"மாஸ்டர், ஒரு மனுசன காலிக் கதிரைக்குப் பக்கத்துல இருத்திப் பாருங்கோ. ஒடனே அவனுக்கு வீட்டு ஞாபகம் வரும்."

அன்று எல்லோரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். யாரோ பெற்ற பிள்ளை யார் மடியிலோ தூங்கியது. கடைசிப் பரிசு கொடுக்கும்வரை ஒருவர் அசையவில்லை. என் நகைச்சுவைக்குத்தான் அப்படி இருந்தார்கள் என்று வீட்டில் வந்து பெருமையடித்துக்கொண்டேன். மனைவி சோற்றைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

நிகழ்ச்சி நடக்கும்போது பூனைபோல நடந்து, எங்கே ஒரு கதிரை காலியாகிறதோ அதைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பழக்கம் ஒருமுறை வம்பாகிவிட்டது. பிரதம விருந்தினர் பேச எழுந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்துக் கம்பீரமாகத் திரும்பினால், மேடையில் அவர் கதிரையைக் காணவில்லை. சபை கொல்லென்று சிரித்தது. அந்த நாளில் சபை விழித்துக்கொண்ட ஒரே நேரம் அதுதான். "வேணும்னுதானே செய்தீங்க?" என்று பிறகு கேட்டேன். "அல்லா அறிய மறந்துட்டன் மாஸ்டர்" என்றார். வாயோரத்தில் அவர் ஒளித்த சிரிப்பைப் பார்த்தவன் நான். நம்பவில்லை.

ஆனால் என் வாயை நிரந்தரமாக அடைத்தது என் மகளின் கலியாணம்.

மாப்பிள்ளை லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், ஆசிரியர். தாய் இன்னும் கொழுந்து பறிக்கிறார். தகப்பன் ராமையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே பிள்ளையைப் படிக்கவைத்தவர். என் மனைவியின் அண்ணன் கணேசன் மச்சானுக்குப் பதுளை பஜாரில் புடவைக்கடை. தோட்டத்து லய வீட்டுச் சம்பந்தம் அவருக்குத் தொண்டையில் முள். அவர் முகத்தைப் பார்த்து மற்ற உறவுகளும் நடப்பார்கள். ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு பஸ் வரவில்லை. மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. பத்து மணிக்கு மின்சாரமும் போனது.

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் போய்க் கடையைத் தொறந்து, மூடிட்டே வந்துடலாம்" என்று மச்சான் சத்தமாகச் சொல்லிச் செருப்பைத் தேடினார். நாலு பேர் சிரித்தார்கள். பத்துப் பேர் எழுந்தார்கள். பாதி காலியான மண்டபத்துக்குள் ராமையா வந்து நின்றால், காரணத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்காது. என் மகளின் வாழ்க்கை அந்த அவமானத்தில் தொடங்கும். செத்துப்போன மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

நானா வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். "இன்டைக்கி நீங்க பொண்ணுட வாப்பா. சும்மா நில்லுங்கோ."

அடுத்த பத்து நிமிடத்தில் அவரும் அவருடைய ஆட்களும் வரிசைகளைக் கலைத்துவிட்டார்கள். சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு கதிரை காலி. காலிக் கதிரையைக் கண்டால் பொறுக்காத மனிதர் தன் கையாலேயே அவற்றைப் போட்டார். பிறகு கைதட்டிச் சொன்னார்: "பொண்ணு சின்ன வயசுல செஞ்ச குறும்பு ஒவ்வொரு வட்டமும் ஒண்டு யோசிச்சு வையுங்கோ. மாப்புள வீட்டாக்கள் வந்து இந்தக் கதிரையில இருப்பாங்க. எந்த வட்டத்துக் கதைக்கு அவங்க நல்லாச் சிரிக்கிறாங்களோ, அந்த வட்டத்துக்கு முதல் பந்தி!"

முதல் பந்தி என்றதும் மச்சான் மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

மண்டபம் இரைச்சலானது. என் மகளின் திருகுதாளங்களில் பாதி எனக்கே அன்றுதான் தெரியும். பத்து நாற்பதுக்கு பஸ் வந்தது. நாற்பது பேரும் மழையில் நனைந்து, வாசலிலேயே தயங்கி நின்று, பழக்கத்தில் பின்வரிசையைத் தேடினார்கள். பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லை. எல்லா வட்டத்திலிருந்தும் "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். ராமையாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனது யார் தெரியுமா? கணேசன் மச்சான்.

"ஆறு வயசுல என் கடையில புடவை அடுக்குக்குள்ள பூந்து தூங்கிட்டா சம்பந்தி. பஜார் முழுக்க அழுதுக்கிட்டே தேடினோம்!"

ராமையா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பய கொழுந்துக் கூடைக்குள்ள தூங்கி வளந்தவன்ங்க. ரெண்டும் சரியாத்தான் சேந்திருக்கு."

மேளம் தொடங்கியது. எல்லோரும் மணவறையைப் பார்க்க எழப்போனபோது நானாவின் குரல் கேட்டது: "ஆள மாத்த வாணாம்! கதிரைய மட்டும் திருப்புங்கோ!" திருப்பினார்கள். தாலி கட்டும்போது பஜாரும் தோட்டமும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நான் ஒரு மூலையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று மாலை கதிரைகளை லொறியில் ஏற்றும்போது அவருக்கு நன்றி சொல்லப் போனேன். "மனுசன இருக்க வைக்கிறது கதிரையுமில்ல, ஒங்கட மைக்குமில்ல மாஸ்டர். பக்கத்துல இருக்கிற ஆள்தான். நாம சும்மா எடுத்துக் குடுக்கிறது" என்றார். இருபது வருடச் சண்டையில் ஒரு வழியாக இருவருமே தோற்றோம்.

நானாவின் அடக்கம் முடிந்து அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பினோம். கூடாரத்தின் கீழ் அவருடைய கதிரைகளே வரிசையாகப் போடப்பட்டிருந்தன. எனக்கு முன்னால் சிவப்பு 'ம'க்கள் மட்டுமே தெரிந்தன. வந்தவர்கள் ஆளுக்கொரு கதிரை தள்ளி உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும் ராமையாவும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். இப்போது அவர்கள் என்னைக்கூடச் சேர்த்துக்கொள்ளாமல் கோயில் குளம் போகிற கூட்டாளிகள். என்னால் அந்த வரிசையைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து என் கதிரையைத் திருப்பிப் போட்டேன். ராமையா திருப்பினார். மச்சான் திருப்பினார். அறிமுகமில்லாத இருவர் பார்த்துவிட்டுத் திருப்பினார்கள். தேநீர் வந்தது. பிரதம விருந்தினரின் கதிரை காணாமற்போன கதையை நான் எடுத்தேன். அழுதுகொண்டிருந்த ஃபாரிஸ் சிரித்துவிட்டான்.

மைக்கை எடுக்கும் முன் கீழே இறங்கி, யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று இப்போதெல்லாம் பார்க்கிறேன். மன்சூர் நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். அதை விடப்போவதில்லை.

அன்று எங்கள் வட்டத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அது அவருக்கென்று விட்டதுபோல யாரும் அதில் உட்காரவில்லை. ஃபாரிஸ் வந்தான், தகப்பனைப் போலவே சத்தமில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் தடுக்கவில்லை. கதிரைகளை இழுத்து நெருக்கிப் போட்டுக்கொண்டோம். மூன்று மணி பஸ் போனது. நாலு மணி பஸ்ஸும் போனது. எனக்கு வீட்டு ஞாபகமே வரவில்லை.