தலைகீழாக நின்ற யானைகள்

ரவிக்கைத் தையலில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியில் பதினைந்து வருடமாகத் தைக்கிறேன். ஒரு கையில் பூ நிமிர்ந்தும் மறு கையில் கவிழ்ந்தும் இருக்கிற ரவிக்கை என் மிஷினிலிருந்து இறங்கியதே இல்லை. அப்படிப்பட்ட நான்தான் ஒரு யானைக் கூட்டத்தைத் தலைகீழாக நிற்க வைத்தேன்.

நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து உண்டானவள். எட்டு மாதம் முடிந்தும் பிள்ளை என்ற சொல் அவள் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. "இது உதைக்குதுங்க அண்ணி" என்பாள். சொல்லிவிட்டால் கை நழுவிவிடுமோ என்று பயம். எனக்கும்தான் பயம். மாமியாரோ, பிறக்கும் முன்னே புதுத்துணி எடுக்கக் கூடாது, பிறந்தாலும் முதலில் பழந்துணிதான் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆசை யாரை விட்டது? தருமபுரியில் ஒரு கட்பீஸ் துணி கண்ணில் பட்டுவிட்டது. வெள்ளைத் துணியில் விரல் நீள யானைகள், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கம் தலை நிமிர்ந்து நின்றன. வாங்கி வந்து, கஸ்டமர் துணி என்று வீட்டில் புளுகினேன். யானைக்கு ஒரு கட்டம், பழைய சேலைக்கு ஒரு கட்டம் என்று வெட்டி, மாற்றி மாற்றி இணைத்து ஒரு விரிப்பு தைப்பதாகத் திட்டம். போனில் பார்த்து வைத்திருந்தேன். நாத்தனாரிடம் மட்டும் கண்ணடித்தேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

கட்டிலில் கட்டங்களைப் பரப்பினோம். இந்தப் பக்கம் நான், எதிரே அவள். அவளால் எட்டிக் குனிய முடியாது என்பதால் அவரவர் பக்கத்துப் பாதியை அவரவர் அடுக்கினோம். மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே சிரிப்பு வந்தது. சேலைத் துண்டை வாயில் வைத்து அடக்கினோம். அவள் குண்டூசி குத்திக் கொடுக்க, நான் மிஷினில் ஓட்டினேன். இணைக்கும்போது துணியின் உள்பக்கம்தானே மேலே இருக்கும்? திருப்பிக்கூடப் பார்க்காமல் முடித்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

கீழ்ப் பாதி யானைகள் நிமிர்ந்து நின்றன. மேல் பாதி யானைகள் சிரசாசனம் செய்தன. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஆள் தனக்கு நேராக அடுக்கியிருக்கிறோம்.

"எம் பக்கம் நேராத்தான இருந்துச்சு?" என்றேன்.

"எம் பக்கமும் நேராத்தாங்க இருந்துச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்றது இதானுங்களா அண்ணி?"

அவ்வளவுதான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நான் தரையில் சரிந்தேன். பல நாள் அடக்கி வைத்த பயமெல்லாம் சிரிப்பாக வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் வந்துவிட்டார். "யாருக்கு இது? ஆனை ஏன் தலகீழா நிக்குது?"

"கஸ்டமருதுங்க அத்தை. பிரிச்சுத் தைக்கணும்," என்று கத்தரிக்கோலைத் தேடினேன்.

"பிரிக்காதீங்க அண்ணி." நாத்தனாருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "எம் புள்ள எந்தப் பக்கம் தல வெச்சுப் படுத்தாலும் பாதி ஆனை நேரா நிக்குமில்லீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கத்தரிக்கோலைத் தேடுவதை விட்டேன்.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து, ஒரு யானையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கஞ்சி மொடமொடன்னு இருக்குது, புள்ளைக்கு உறுத்தும்," என்றார் என்னிடம். "ரெண்டு மூணு தண்ணி அலசிப் போடு. அலசிட்டா பழந்துணிதான்."